மஞ்சள் படாத செங்கல்

பொங்காலை நாளன்று சாயங்காலம் எங்கள் ஊர் ரோட்டைப் பார்க்க வேண்டும். மத்தியானம் வரை கண்ணுக்கெட்டிய தூரம் பெண்கள் அடுப்பு மூட்டி அம்மனுக்குப் பாயசம் வைத்த ரோடு அது. சாம்பலும் தென்னம்பாளைக் கொதும்பும் எரியாத ஓலையும் தேங்காய் நாருமாகக் கிடக்கும். இருட்டுவதற்குள் நகரசபை ஆட்கள் கூட்டி அள்ளி, டாங்கர் லாரியில் தண்ணீர் அடித்துக் கழுவியும் விடுவார்கள். மறுநாள் காலையில் பஸ்ஸில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர்களிடம் நேற்று இங்கே அடுப்பு எரிந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அடுப்புக்கு மூன்று செங்கல். பாயசப் பானையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் செங்கல்லை அப்படியே விட்டுவிட்டுத்தான் போவார்கள். முன்பெல்லாம் கண்டவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது நகரசபை சேகரிக்கிறது. வீடில்லாதவர்களுக்குக் கட்டிக் கொடுக்கிற வீட்டுக்கு அந்தச் செங்கல் போகிறது. இதற்காக ஒவ்வொரு வார்டிலும் பெண்கள் கூலி இல்லாமல் இறங்கி வேலை செய்கிறார்கள். நானும் அதில் ஒருத்தி.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், அரிசிக் கிட்டங்கிகளை ஒட்டினாற்போல இருக்கிறது எங்கள் தெரு. நாகர்கோவில் பக்கமிருந்தும் திருநெல்வேலிப் பக்கமிருந்தும் கடைவேலைக்கு வந்து தங்கிப்போன தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம். நானும் கல்யாணமாகி வந்தவள். நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. மலையாளம் கேட்டுக் கேட்டுப் பழகியது. ஆனால் தமிழோ மலையாளமோ, நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசு என்றால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். தெருப் பெண்கள் வாரம் ஒருநாள் கூடுகிற அயல்கூட்டத்தில் வேலை பிரித்தபோது, "பெரியம்மைக்குப் பேசாத வேலையாப் பாத்துக் குடுங்க, பாவம்" என்று என்னைக் காட்டி ஒருத்தி சிரித்தாள். தெருவுக்கே நான் பெரியம்மைதான். அப்படி வந்ததுதான் எனக்குச் செங்கல் வேலை. பச்சைக் கோட்டு ஒன்று கொடுத்தார்கள். புடவைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்க முதல் வருஷம் கூச்சமாக இருந்தது. பிறகு கோட்டுப் பையில் வெற்றிலை வைக்க வசதியாக இருந்ததால் பழகிவிட்டது.

அந்தச் "சிரித்த ஒருத்தி"யைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பிறந்தவள், நாற்பது வயசு இருக்கும். வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக் குப்பை வாங்கிச் சாக்கில் கட்டி நகரசபை வண்டியில் ஏற்றுவது அவள் வேலை. புருஷன் செத்துப்போனான். ஒரே மகள் பிளஸ்டூ படிக்கிறாள். கால்வாய்க் கரைக்கு மேலே அம்மா வழியில் வந்த துண்டு நிலத்தில், தகரமும் நீலப் படுதாவும் போட்ட குடிசையில் இருந்தார்கள். மழைக்காலத்தில் கால்வாய் பொங்கினால் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். ராத்திரி மழை பிடித்தால் அவள் கால்வாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்தே இருப்பாள். மகளுடைய புத்தகங்களை என் வீட்டுப் பரண்மேல் வைத்துவிட்டு இரண்டு பேரும் பள்ளிக்கூட முகாமுக்குப் போய்விடுவார்கள்.

நகரசபை வீட்டுத் திட்டத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. அஸ்திவாரம் உயரமாகப் போட்டு, சுவர் ஜன்னல் கட்டை வரை எழுந்தது. அதோடு நின்றது. மீதிச் சுவருக்குப் பொங்காலைச் செங்கல் வரும் என்று இருந்தாள். வந்தது. ஆனால் சுவர் எழவில்லை.

அதற்குக் காரணம் எங்கள் தெரு.

எங்கள் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பானை பொங்கி வழிந்து, குரவை இட்டு, பானையை இறக்கி வைத்ததும், ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை அடுப்பில் ஊற்றுவார்கள். "அம்மைக்குக் குளிரட்டும்" என்று சொல்லித்தான் ஊற்றுவது. அம்மனுக்குப் பொங்கின அடுப்பைச் சூட்டோடு விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது. எனக்கு என் மாமியார் சொல்லிக் கொடுத்தது. அவளுக்கு அவள் மாமியார். மலையாளப் பெண்களுக்கு இந்த வழக்கம் கிடையாது. ஆனால் எங்கள் தெருவில் வந்து அடுப்புக் கூட்டுகிற வெளியூர்ப் பெண்கள் எங்களைப் பார்த்து, இதுதான் முறை போலிருக்கிறது என்று அவர்களும் ஊற்ற ஆரம்பித்தார்கள். புஸ்ஸென்று தெரு முழுக்க ஆவி எழும்பும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

போன வருஷம் அவள் வீட்டு முன்னால் செங்கல் இறக்கியபோது நானும் போயிருந்தேன். மேஸ்திரி ஒரு கல்லை எடுத்தார், இன்னொரு கல்லால் தட்டினார், காதைக் கொடுத்துக் கேட்டார். கணீர் என்றால் வலது பக்கம். சத்தம் செத்துப்போயிருந்தால் இடது பக்கம். சில கல் அவர் கையிலேயே இரண்டாகப் பிளந்தது. கொஞ்ச நேரம் போனதும் அவர் தட்டிப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார். மஞ்சள் கறை இருக்கிற கல்லைப் பார்த்த உடனே இடது பக்கம் எறிந்தார்.

"மஞ்ஞள் உள்ளது ஒந்நும் வேண்டா" என்றார் கையாளிடம். "சூடுள்ள கல்லில் வெள்ளம் ஒழிச்சதாணு. வெந்து கீறிப்போயி."

சூடான கல்லில் தண்ணீர் ஊற்றியதால் விரிசல் விட்டுப்போனது என்று அர்த்தம். இடது பக்கம் குவிந்தது எல்லாம் எங்கள் தெருக் கல். வலது பக்கம் சேர்ந்தது மற்றத் தெருக்களின் கல், அது ஒரு வரிசைக்கும் போதாது. அவள் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அது கெடக்கட்டும் பெரியம்மே, முற்றத்துல பாவலாம்" என்று எனக்குத்தான் சமாதானம் சொன்னாள். அந்த வருஷமும் வைகாசிப் பாதியில் பிடிக்கிற எடவப்பாதி மழைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

இந்த வருஷம் பொங்காலைக்கு முன்னால் வார்டு கவுன்சிலர் எங்கள் அயல்கூட்டத்துக்கு வந்தாள். சின்னப் பெண், ஸ்கூட்டரில் வருவாள். நம்ம வார்டில் கிடைக்கிற நல்ல கல் எல்லாம் நம்ம வார்டில் பாதியில் நிற்கிற இந்த வீட்டுக்கு என்றாள். மழைக்கு முன்னால் சுவர் எழும்பினால்தான் கூரைக்கான அடுத்த தவணை வரும் என்றும் சொன்னாள். பிறகு மஞ்சள் தண்ணீர் விஷயத்தைத் தொட்டாள். தொட்டதும் பெண்கள் முகம் மாறியது. கூட்டம் முடிந்ததும் கவுன்சிலர் என்னிடம் தனியாக வந்தாள்.

"அம்மா, ஞான் பறஞ்சா இவர் கேக்கில்லா. அம்மா தன்னே ஓரோ வீட்டிலும் போயி பறயணும்."

அவள் சொன்னால் இவர்கள் கேட்க மாட்டார்களாம், நானே வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டுமாம். நான் தலையை ஆட்டினேன். முடியாது என்று சொல்லவும் வாய் வராததால் ஆட்டியது அது.

போனேன். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன். இன்னொரு வீட்டில் பேத்திக்குப் பல் முளைத்ததைக் காட்டினார்கள், பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாவது வீட்டில் ஒருத்தி, "என்ன பெரியம்மே, என்னமோ சொல்ல வந்த மாதிரி இருந்தது" என்று கேட்டே விட்டாள். "ஒண்ணும் இல்ல மக்கா, சும்மாத்தான்" என்றேன்.

கடைசியில் தெருக்கோடியில் இருக்கிற அரிசிக்கடைக்கார அக்கா வீட்டுக்குப் போனேன். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். அவர் அடுப்பில் தீ வைத்த பிறகுதான் தெருவில் மற்றவர்கள் வைப்பார்கள். அவர் செம்பைத் தூக்கினால்தான் மற்றவர்கள் தூக்குவார்கள். அவர் ஒருத்தர் கேட்டால் போதும், வீடு வீடாகப் போக வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். தட்டுத் தடுமாறி ஒருவழியாகச் சொல்லியும் விட்டேன்.

அக்கா முறத்தைக் கீழே வைத்தார்.

"ஏட்டி, நீயா இதச் சொல்லுகே?"

"செங்கல்லு பிளந்து போவுதாம் அக்கா. மேஸ்திரி சொன்னாரு."

"மேஸ்திரி கல்லப் பாப்பாரு. நான் அம்மையப் பாக்கேன். கொதிக்கக் கொதிக்க விட்டுட்டு வீட்டுக்குப் போயி நாம ஃபேன் போட்டு உக்காரணுமாக்கும்? நல்லா இருக்குட்டி உன் நியாயம்."

அவர் சொன்னதில் எனக்கே நம்பிக்கை இருந்தது. அதுதான் கஷ்டம். அக்கா ஒரு பை நிறையப் புழுங்கலரிசி கொடுத்து அனுப்பினார். கோபம் இல்லை என்று காட்டத்தான்.

பொங்காலை நாள் வந்தது. விடியுமுன்பே தெருவில் இடம் பிடித்து முடிந்திருந்தது. மலையோரத்து வித்துராவிலிருந்தும் இன்னும் அப்பாலிருந்தும் வந்த பெண்கள் எங்கள் வீட்டு வாசல்வரை அடுப்புக் கூட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டுக் குளியலறையைத் திறந்து விட்டிருந்தேன். நகரசபை தெருமுனையில் தாற்காலிகக் குழாய் போட்டிருந்தது. கோவிலில் தீ வைத்ததும் மைக்கில் சொன்னார்கள். அக்கா அடுப்பு எரிந்தது, தெரு எரிந்தது. கண் எரிய எரியக் குரவை கேட்டது. மைக்கில் ஒரு பெண் குரல், "அடுப்பில் வெள்ளம் ஒழிக்கருதே", அடுப்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள், என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. யார் கேட்டார்கள்? அந்தப் புகையில் தண்ணீர் லாரி வருகிறது என்கிற அறிவிப்பைக்கூட யாரும் கேட்கவில்லை.

நான் கோட்டை மாட்டிக்கொண்டு அக்கா அடுப்புப் பக்கத்தில் போய் நின்றேன். என்ன செய்யலாம் என்று எனக்கே தெரியாது. அக்காவுடைய பானை பொங்கியது. இறக்கினார். செம்பு எங்கே என்று திரும்பினார்.

அப்போதுதான் எதிர்ச்சாரியில் பார்த்தேன். வீட்டுக்காரி, அதாவது யாருக்காக இத்தனையும் நடக்கிறதோ அவள், பானையை இறக்கிவிட்டுச் செம்பைக் கையில் எடுத்துவிட்டாள். மஞ்சள் தண்ணீர். கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டு கை தானாகச் சரிகிறது.

"ஊத்தாதட்டீ!"

அது என் குரல்தான். தெருவில் ஒரு நிமிஷம் குரவை நின்றது. அவள் கண்ணைத் திறந்து, செம்பைப் பார்த்து, அடுப்பைப் பார்த்து, "ஐயோ, எம்மோ!" என்று செம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பாதித் தண்ணீர் அவள் புடவையிலேயே கொட்டியது.

பக்கத்தில் ஒருத்தி, "எம்மா, பெரியம்மைக்கு இவ்வளவு சத்தம் உண்டா! மைக்க நீங்களே பிடிச்சிருக்கலாமே" என்றாள். சிரிப்பு கிளம்பியது. ஆனால் அக்கா சிரிக்கவில்லை. அவர் கையிலும் செம்பு இருந்தது. எல்லோரும் அந்தச் செம்பைப் பார்த்தார்கள்.

"என்னட்டி இது?" என்றார்.

இனி வாயை மூட முடியாது. ஆரம்பித்தாயிற்று.

"அக்கா, இவளுடைய சுவரு இந்தக் கல்லுதான். போன வருஷம் நம்ம தெருக் கல்ல மேஸ்திரி மஞ்சளப் பாத்தே வீசிட்டாரு. இவ பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஸ்கூல் வராந்தாவுல கெடந்தா."

"அதுக்கு அம்மையச் சூட்டோட விட்டுட்டுப் போகச் சொல்லுகியா?"

"போகண்டாம் அக்கா." எங்கிருந்து வந்ததோ தெரியாது, வந்துவிட்டது. "நாம போகண்டாம். ஆறுகது வரைக்கும் இங்கனயே இருப்போம். அடுப்பு குளிர்ந்த பெறகு எந்திரிப்போம். விட்டுட்டுப் போனாத்தானே குத்தம்?"

அக்கா குனிந்து, செம்புத் தண்ணீரை அடுப்பைச் சுற்றி, கல்லில் ஒரு சொட்டும் படாமல், தரையில் வட்டமாக ஊற்றினார். "அம்மைக்குக் குளிரட்டும்" என்றார். கம்பியால் கனலை வெளியே இழுத்து விட்டார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த வட்டத்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார்.

"இருங்கட்டி எல்லாரும். என்னத்தப் பாத்துட்டு நிக்கியோ?"

தெரு உட்கார்ந்தது. எல்லோரும் அக்கா செய்த மாதிரியே சுற்றி ஊற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். தெருமுனையில் நாலைந்து பேர் எங்களைப் பார்க்கும் முன்பே ஊற்றியிருந்தார்கள். அது போகட்டும்.

மத்தியானம் கோவில் ஆட்கள் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்கள். மற்றத் தெருக்களில் பெண்கள் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கிளம்பினார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்தோம். வெயில் நன்றாகவே இருந்தது. வித்துராக்காரப் பெண் ஒருத்தி, "நிங்ஙள் ஆரும் போகுந்நில்லே?" என்று கேட்டாள். அடுப்பு ஆறவில்லை என்று நாங்கள் சொன்னதும் கொஞ்சம் யோசித்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள். அவள் ஊருக்கு பஸ் குறைவு என்று எனக்குத் தெரியும்.

"எங்க வீட்டுல அவரு சோத்துக்கு நிப்பாரு" என்றாள் ஒருத்தி.

"நிக்கட்டும். ஒரு நாள் நின்னா காலு தேஞ்சா போவும்?" என்றார் அக்கா. "என் வீட்டுல இருக்கவரு ஐம்பது வருஷமா உக்காந்துதான் இருக்காரு."

இப்படிப் பேச்சும் பாட்டுமாக, பாயசத்தில் உப்புக் கல் விழுந்த கதை, தீப்பிடித்த முந்தானைக் கதை எல்லாம் வந்தது. நான் இடையிடையே போய்க் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக அந்தத் தெருவில் பொங்குகிறேன். ஆனால் பொங்கி முடித்த பிறகு பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

வெயில் சாய்ந்ததும் கல் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தது. அக்கா தன் மூன்று கல்லையும் கண்ணில் ஒற்றி என் கையில் கொடுத்தார். வித்துராக்காரி தன்னுடையதைத் துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். லாரி எங்கள் சந்துக்குள் வராது. வழக்கமாக நாங்கள் மூன்று நாலு பேர் சட்டியில் சுமந்து முனைக்குக் கொண்டுபோவோம். அன்றைக்கு யாரும் சொல்லாமலே பெண்கள் வரிசையாக நின்றார்கள். கைக்குக் கை கல் போனது. கீழே போடாதே, எறியாதே, மெதுவா என்று ஒருவருக்கொருவர் அதட்டிக்கொண்டார்கள். குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினார்கள் என்று கவுன்சிலர் பிறகு எல்லாரிடமும் சொன்னாளாம். எனக்கு அப்போது வேறொன்றும் கண்ணில் படவில்லை, கல்தான்.

மறுநாள் அவள் வீட்டு முன்னால் கல் இறக்கியபோது நான் முன்னமே போய் நின்றுகொண்டேன். மேஸ்திரி வந்ததும் மஞ்சள் கறையைத் தேடினார். குவியலைப் புரட்டினார். அடியில் கொஞ்சம் இருந்தது, முனைக்காரிகளுடையது, அதை ஒதுக்கினார். மற்றதெல்லாம் ஒரு பக்கம் கரிந்து, ஒரு பக்கம் சிவந்து, முழுசு. ஒன்றைத் தட்டினார். கணீர். இன்னொன்றைத் தட்டினார். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது ஏது தெருவிலே கல்லாணு, அம்மே?"

"எங்க தெரு" என்றேன். அதிகப்படியாக ஒரு வார்த்தை வேண்டியிருக்கவில்லை. ஆனால் கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

சுவர் ஜன்னலைத் தாண்டியது, கதவு நிலையைத் தாண்டியது. கரிந்த பக்கம் வெளியே தெரிய வைத்தால் அசிங்கம், பூச்சு தேவைப்படும் என்று மேஸ்திரி உள்பக்கமாகத் திருப்பி வைத்தார். அவளோ சில கல்லை வெளியே திருப்பச் சொல்லிச் சண்டை போட்டாள். எதற்கென்று கேட்டால், "உள்ள திருப்பினா எது நம்ம தெருக் கல்லுன்னு எனக்கே தெரியாமப் போயிருமே" என்றாள். தவணை வந்தது, கூரைக்குக் கான்கிரீட் போட்டார்கள். தெருப் பெண்கள் முறை போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கான்கிரீட்டை நனைத்தோம். இந்த முறை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று அக்கா வேறு வந்து கேலி செய்துவிட்டுப் போனார்.

எடவப்பாதி இந்த வருஷம் ஓங்கித்தான் பிடித்தது. முதல் மழை இரவு முழுக்கப் பெய்தது. காலையில் குப்பை வண்டி தெருமுனையில் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவளைக் காணோம். மழை என்றும் வெயில் என்றும் பார்க்காமல் வருகிறவள். வண்டிக்காரன் என்னைப் பார்த்து, "அம்மே, ஆளு எவிடே?" என்றான். குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கால்வாய் மேலே வரை வந்திருந்தது. பழைய குடிசை இருந்த இடத்தில் தண்ணீர் நின்றது. வீட்டுப் படி நனையவில்லை. கதவைத் தட்டினேன். பதில் இல்லை. பலமாகத் தட்டினேன். மகள் திறந்தாள், யூனிபாரம் பாதி போட்டபடி. உள்ளே அம்மாக்காரி பாயில் சுருண்டு கிடந்தாள்.

"என்ன மக்கா, காய்ச்சலா?"

அவள் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடி கலைந்து, கண் வீங்கி, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

"மழையா பெரியம்மே? எப்பப் பெஞ்சது?"

"ராத்திரி முழுக்க."

"எனக்குத் தெரியவே இல்ல" என்றாள். வெட்கத்தோடு சிரித்தாள். "தூங்கிட்டேன்."

வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்சம் பொறுக்கச் சொல்லு என்று மகளை அனுப்பிவிட்டு, அடுப்பைப் பற்ற வைத்து அவளுக்கு ஒரு கட்டன்சாயா போட்டுக் கொடுத்தேன்.